கேமரா எங்கே நின்றது? அத்தையுடன் ஏழு நாள்

முதல் நாள்: சேலம்

ஏற்காடு எக்ஸ்பிரஸ் எங்களை விடியும் முன்பே சேலத்தில் இறக்கிவிட்டது. நாங்கள் என்றால் நானும் என் அத்தையும். அப்பாவின் அக்கா, அறுபத்தெட்டு வயது. டென்ட் கொட்டகையில் மணலைக் குவித்து அதன்மேல் உட்கார்ந்து படம் பார்த்தவர். இன்றைக்கு இரவு ஏழு மணிக்கு மேல் அவரிடம் ஏதாவது பேச வேண்டுமென்றால் விளம்பர இடைவேளை வரை காத்திருக்க வேண்டும். எனக்குப் படம் பார்க்கச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். திரையில் பார்த்த இடங்களுக்கு நேரில் போய் வரலாமா என்று கேட்டேன். மறுநாளே பையைக் கட்டிவிட்டார்.

போகும் இடத்திலெல்லாம் ஒரு வேலை செய்வதென்று முடிவு செய்துகொண்டோம். கேமரா எந்த இடத்தில் நின்றது என்று கண்டுபிடித்து அங்கே போய் நிற்பது. அத்தை இன்னொன்றையும் சேர்த்தார். "நின்னுட்டு ஒருதடவை திரும்பியும் பார்க்கணும். பின்னாடி என்ன இருந்துச்சுன்னு எந்தப் படத்துலயும் காட்ட மாட்டாங்க."

ஏற்காடு போகும் சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸின் முகப்பு வளைவு இன்னும் நிற்கிறது. 1930களின் நடுவில் டி.ஆர். சுந்தரம் தொடங்கிய ஸ்டூடியோ. நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் இந்த வளைவுக்குப் பின்னால்தான் உருவாகின. மலையாளத்தின் முதல் பேசும் படமான 'பாலன்' 1938ல் இங்கிருந்துதான் போனது. முதல் மலையாள வண்ணப்படம் 'கண்டம் பெச்ச கோட்டு', 1961ல், அதுவும் இந்த நிறுவனம் எடுத்ததுதான். தமிழில் முதல் முழுநீள வண்ணப்படம் 1956ல் வந்த 'அலிபாபாவும் 40 திருடர்களும்', கேவா கலர் படச்சுருளில். அதுவும் இங்கேதான். ஒரு மொழியின் தொடக்கமும் இன்னொரு மொழியின் வண்ணமும் ஒரே வளாகத்தில் நடந்திருக்கின்றன. சென்னையில் இருப்பவர்கள் கோடம்பாக்கம்தான் எல்லாம் என்று பேசும்போது எனக்கு இந்த வளைவு ஞாபகத்துக்கு வரும்.

வளைவைத் தாண்டினால் ஸ்டூடியோ இல்லை. வீடுகளும் கட்டடங்களும்தான். எனக்கு மனசு கனத்தது. ஆனால் அத்தை நேராக வளைவின் முன்னால் போய் நின்று, இரண்டு கையையும் தூக்கி, அந்தக் குகை திறக்கும் மந்திரத்தை உரக்கச் சொன்னார். டீ குடித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, மந்திரத்தின் பாக்கியைச் சொல்லி முடித்தார். இரண்டு பேருக்கும் அறிமுகமே இல்லை. அப்புறம் பத்து நிமிடம், பானுமதியின் குரலுக்கு ஈடு உண்டா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். உண்டு என்று யாரும் சொல்லவில்லை.

அந்தப் பெரியவர் சொன்னதும் நான் படித்ததும் ஒன்றாக இருந்தது. சுந்தரம் நேரம் தவறுவதைப் பொறுக்காதவர். இந்த வாசலில் எவ்வளவு பேர் நுழைந்திருக்கிறார்கள் என்று யோசித்தேன். கண்ணதாசன் இங்கே வேலை பார்த்தார். 1950ல் 'மந்திரி குமாரி'க்குக் கருணாநிதி வசனம் எழுத, எம்.ஜி.ஆர் நடித்தார். பிற்காலத்தில் முதலமைச்சர்களான இரண்டு பேர், ஒருவர் எழுதியதை இன்னொருவர் பேசியிருக்கிறார், இதே இடத்தில். இயக்கியவர்களில் ஒருவர் எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கர். அவருக்குத் தமிழ் தெரியாது. அப்படியிருந்தும் அந்தப் படத்தில் ஒரு வசனம்கூட வீணாகப் படமாக்கப்படவில்லை என்பது என் கருத்து. நல்ல வசனம் பேசப்படும்போது முகத்தை எங்கே வைக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

வளைவுக்கு அடியில் நின்று அத்தை சொன்னபடி திரும்பிப் பார்த்தேன். சாலைக்கு அப்பால் சேர்வராயன் மலை, மேகத்தோடு.

இரண்டாம் நாள்: காரைக்குடி, கானாடுகாத்தான்

நாமக்கல், திருச்சி, புதுக்கோட்டை என்று பேருந்தில் வந்து சேர்ந்தோம். வந்ததும் தேவகோட்டை ரஸ்தா பக்கம் ஆட்டோவில் போனோம். பார்க்க என்று அங்கே பெரிதாக எதுவும் கிடையாது, ஆட்டோக்காரருக்கு நாங்கள் எதைத் தேடுகிறோம் என்று புரியவும் இல்லை. ஆனாலும் அந்த மண்ணில் நிற்க வேண்டும் என்று எனக்குப் பல வருட ஆசை.

காரணம் இதுதான். ஏவிஎம் ஸ்டூடியோவைத் தொடங்கிய ஏவி. மெய்யப்பன் காரைக்குடிக்காரர். போர்க்காலத்தில் சென்னையில் மின்சாரக் கட்டுப்பாடு இருந்ததால் ஸ்டூடியோவைத் தன் ஊர்ப்பக்கம் கொண்டுவந்துவிட்டார். தேவகோட்டை ரஸ்தாவில் கொட்டகைகள் போட்டு எடுத்த படம்தான் 'நாம் இருவர்'. 1947 பொங்கலுக்கு வந்தது. அதில் குமாரி கமலா, சுதந்திரம் அடைந்துவிட்டோம் என்ற பாரதியார் பாட்டுக்கு ஆடுகிறார், பாடியவர் டி.கே. பட்டம்மாள். நாடு சுதந்திரம் அடைந்தது ஆகஸ்டில். படம் வந்தது ஜனவரியில்! ஏழு மாதம் முன்னதாகவே, ஒரு கொட்டகைக்குள், ஒரு சின்னப் பெண் சுதந்திரத்தைக் கொண்டாடிவிட்டாள். தமிழ் சினிமாவில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி எது என்று யார் கேட்டாலும் நான் இதைத்தான் சொல்வேன். பாரதியார் பாடல்களின் உரிமையை அப்போது மெய்யப்பன் வைத்திருந்தார், பிறகு அதை அரசுக்கு விட்டுக்கொடுத்தார். இன்றைக்கு எந்தப் பள்ளி விழாவிலும் யாரையும் கேட்காமல் பாரதியைப் பாடுகிறோமே, அதற்குள் இந்தக் கதையும் இருக்கிறது.

1948ல் எல்லாவற்றையும் மூட்டை கட்டிக்கொண்டு வடபழனிக்குப் போய்விட்டார்கள். இப்போது இங்கே சாலை, கடைகள், காற்று. கேமரா எங்கே நின்றிருக்கும் என்று சொல்ல ஒரு அடையாளமும் இல்லை. "எங்க வேணா நின்னுருக்கலாம், அப்போ எல்லா இடமும் சரிதான்" என்று சொல்லி அத்தை ஒரு வேப்பமரத்தடியில் நின்றார். அங்கேயே படம் எடுத்துக்கொண்டோம்.

மதியத்துக்கு மேல் கானாடுகாத்தான். இந்த ஊரின் தெருக்களை நீங்கள் வந்ததே இல்லையென்றாலும் பார்த்திருப்பீர்கள். பணக்கார வீட்டுக் கல்யாணமா, பங்காளிச் சண்டையா, கூட்டுக்குடும்பமா, செட்டிநாட்டு வீடுதான். 2000ல் வந்த 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' படத்துக் குடும்பம் இப்படிப்பட்ட வீட்டை இழந்துதான் சென்னைக்குப் போகிறது.

பார்வையாளர்களை அனுமதிக்கும் ஒரு வீட்டுக்குள் போனோம். முகப்பு, திண்ணை, பட்டாலை, அப்புறம் வானம் திறந்த வளவு. பர்மா தேக்குத் தூண்கள் வழவழவென்று குளிர்ச்சியாக இருக்கின்றன. கீழே ஆத்தங்குடிக் கற்கள், கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணச் சாந்து ஊற்றி ஒவ்வொன்றாகக் கையால் செய்வது. முன்வாசலில் நின்றால் ஒன்றன்பின் ஒன்றாக எல்லா வாசல்களும் ஒரே கோட்டில் தெரிந்து, பின்தெரு வரை கண் போகிறது. ஒளிப்பதிவாளர்கள் ஏன் இந்த வீடுகளை விட மாட்டேன் என்கிறார்கள் என்பது ஒரு நிமிடத்தில் புரிந்தது. யாரோ தூரத்து வாசலில் தோன்றி, இருட்டும் வெளிச்சமுமாக மாறி மாறி நடந்து வருகிறார் என்றால், இசையே தேவையில்லை.

அத்தை அதற்குள் பின்கட்டுக்குப் போய்விட்டார். அடுப்படி, ஆட்டுக்கல் வரிசை, பெரிய தாழிகள். "எத்தனை படத்துல இந்த வீட்டைப் பார்த்தோம்? ஒண்ணுலயாவது இந்த இடத்தைக் காட்டினாங்களா? அத்தனை பேர் பந்தியில உட்கார்ந்து சாப்பிடுறாங்க, சமைச்சது எங்கன்னு யாருக்கும் தெரியாது." நான் மனதுக்குள் பட்டியல் போட்டுப் பார்த்தேன். ஒன்றிரண்டு தேறும். அதுவும் யாராவது அழுவதற்காகப் பின்கட்டுக்கு வரும் காட்சி.

வெளியே வந்தால் தெருவில் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. குடும்பங்கள் வெளியூரிலும் வெளிநாட்டிலும். ஒரு பூட்டு என் உள்ளங்கையைவிடப் பெரியது. இந்தப் பூட்டுகளில் சில, படப்பிடிப்புக்காகவாவது அவ்வப்போது திறக்கின்றன என்று நினைத்தபோது எனக்குச் சினிமாவின் மேல் இன்னும் கொஞ்சம் அன்பு கூடியது.

மூன்றாம் நாள்: தென்காசி

நாள் முழுக்கப் பயணம். விருதுநகர், ராஜபாளையம் தாண்டியதும் காற்றின் குணம் மாறிவிட்டது. குற்றாலத்தில் சீசன், தென்காசி வரை சாரல் வருகிறது. மாலை நாலு மணிக்கு அவசரமாகச் சுந்தரபாண்டியபுரம் போனோம், சூரியகாந்தித் தோட்டம் பார்க்க. போய் நின்றால் அத்தனை பூவும் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறது! சுற்றிக்கொண்டு எதிர்ப்பக்கம் போனோம். முகம் தெரிந்தது, ஆனால் சூரியன் பூவுக்குப் பின்னால் போய்விட்டதால் எல்லாம் நிழல்.

தோட்டத்துக்காரர் விளக்கினார். மொட்டாக இருக்கும்போதுதான் சூரியன் பின்னால் திரும்புமாம். நன்றாக விரிந்துவிட்டால் கிழக்கே பார்த்தபடி நின்றுவிடும். "காலையில ஏழு மணிக்கு வாங்க. கிழக்கால நில்லுங்க. படம் எடுக்குறவங்க எல்லாம் அப்போதான் வருவாங்க."

சரி, நாளைக்கு.

நான்காம் நாள்: சுந்தரபாண்டியபுரம், பிறகு மதுரை, பழநி

ஏழு மணிக்கு கிழக்கால நின்றோம்.

சொல்லத் தெரியவில்லை. ஆயிரக்கணக்கான முகங்கள் ஒரே நேரத்தில் நம்மைப் பார்ப்பது போல இருந்தது. பின்னால் மேற்குத் தொடர்ச்சி மலை, அதன் தலையில் மேகம். கேரளத்திலிருந்து வேன் வேனாக வந்து இறங்கினார்கள். ஒரு மலையாளக் குடும்பம் அத்தையை நடுவில் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டது, ஏன் என்று அவர்களுக்கும் தெரியாது, அத்தைக்கும் தெரியாது. எல்லோரும் அவ்வளவு சந்தோஷமாக இருந்தார்கள். அவ்வளவுதான்.

1992ல் வந்த 'ரோஜா'வில் நாயகியின் ஊர்ப்பெயர் சுந்தரபாண்டியபுரம். அதைவிட ஊர்க்காரர்கள் பெருமையாகக் காட்டுவது பாறையை. 2005ல் வந்த 'அந்நியன்' படத்தின் ஒரு பாட்டுக்காக ஷங்கர் குழுவினர் இந்த ஊரின் வீடுகள், சாலை, லாரிகள் எல்லாவற்றுக்கும் வண்ணம் பூசினார்கள். பாறைகளில் நடிகர்களின் முகங்களை வரைந்தார்கள். அந்நியன் பாறை என்றே பெயர் நிலைத்துவிட்டது. ஏறிப் போய்ப் பார்த்தோம். வெயிலும் சாரலும் பட்ட நிறம், சில இடங்களில் பளிச்சென்றும் சில இடங்களில் வெளிறியும்.

எனக்குப் பிரம்மாண்டம் பற்றி ஒரு கருத்து உண்டு. பணத்தைக் கொட்டிக் கண்ணாடி மாளிகை கட்டுவதைவிட, இருக்கிற ஊருக்கு வண்ணம் அடிப்பது எவ்வளவோ மேல். செட்டைப் பிரித்துவிடுவார்கள். ஊர் அப்படியே இருக்கும். அந்தப் பாட்டு ஐந்தாறு நிமிடம், பாறைக்குப் பெயர் வைத்து இருபது வருடம் ஆகிறது. அன்றைக்கு வண்ணம் பூசிய வீட்டில் குழந்தையாக இருந்தவர் இன்று எங்களுக்கு வழி காட்டிய இளைஞர். அவர் வீட்டுச் சுவர் என்ன நிறம் என்று கேட்டேன். "ஊதா. அம்மா ரெண்டு வருஷம் மாத்த விடல."

பாறை மேலே நின்று திரும்பிப் பார்த்தால் வயல், குளம், தென்னை. அத்தை இடுப்பில் கை வைத்து நின்றார். "இதை விட்டுட்டுப் பாறையை எடுத்திருக்காங்க." அப்புறம் யோசித்துவிட்டு, "பாறையில நிக்கிறவங்களுக்குத்தான் இது தெரியும். அதுவும் சரிதான்."

மதியம் மதுரை, அங்கிருந்து பழநி வழியாகப் பொள்ளாச்சிக்குப் பேருந்து. ஜன்னலோரம் கருவேலங்காடு ஓடியது. மண்வாசனைப் படங்களைப் பற்றிப் பேச்சு வந்தது. '16 வயதினிலே' இந்தப் பக்கத்து ஊர் ஒன்றில் எடுத்தது என்று அத்தை நாற்பது வருடத்துக்கும் மேலாக நம்பிக்கொண்டிருந்தார். கர்நாடகத்துக் கொள்ளேகால் பக்கம் எடுத்தது என்றேன். நம்பவில்லை. "அந்த ஓடையும் வண்டிப்பாதையும் எங்க ஊரு மாதிரியே இருக்குமே." 1977ல் பாரதிராஜாவும் ஒளிப்பதிவாளர் நிவாஸும் சாதித்தது அதைத்தான். தேனிக்காரர் ஒருவர் கர்நாடகத்துக் கிராமம் ஒன்றைக் காட்டி, தமிழ்நாட்டில் இருக்கும் ஒவ்வொருவரையும் 'இது எங்க ஊரு' என்று சொல்லவைத்தார். அத்தையிடம் இதைச் சொன்னதும் கொஞ்சம் சமாதானமானார், முழுக்க இல்லை.

இருட்டியதும் அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சீரியல் நேரம். போனில் சிக்னல் வருவதும் போவதுமாக இருந்ததால் பேச்சு சீரியலைப் பற்றித் திரும்பியது. எனக்கு ரொம்ப நாளாக ஒரு குறை. யாராவது ஒரு விஷயத்தைச் சொன்னால் போதும், மாமியார் முகம், மருமகள் முகம், கொழுந்தன் முகம், மறுபடி மாமியார் முகம். இடி மாதிரி ஒரு சத்தம் வேறு. ஒருமுறை காட்டினால் போதாதா? சினிமா பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது பொறுக்கவில்லை.

அத்தை பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார். "நீ சோபாவுல உட்கார்ந்து பார்க்குற. நான் தோசைக்கல்லு முன்னாடி நின்னுக்கிட்டுக் கேக்குறேன். டம்முனு சத்தம் வந்தா ஏதோ நடந்துடுச்சுன்னு தெரியும். தோசையைத் திருப்பிப் போட்டுட்டு ஹாலுக்கு ஓடி வருவேன். மாமியார் முகத்தைத் தவறவிட்டா கொழுந்தன் முகம் கிடைக்கும். அதுக்குள்ள சுத்தி வந்து மாமியார் முகமும் கிடைச்சுடும். அவங்க எங்களுக்காக எடுக்குறாங்கப்பா."

நான் இருபது வருடமாகப் படங்களைப் பற்றிப் பேசியும் எழுதியும் வருகிறேன். இவ்வளவு தெளிவாக ஒரு எடிட்டிங் முறையை யாரும் எனக்கு விளக்கியதில்லை. 1999ல் 'சித்தி' ஓடியபோது எங்கள் தெருவில் எல்லா வீட்டு ஜன்னலிலிருந்தும் ஒரே பாட்டு கேட்கும். 'மெட்டி ஒலி'யின் ஐந்து பெண்களும் அவர்கள் அப்பாவும் எங்கள் வீட்டுச் சொந்தக்காரர்கள் மாதிரியே பேசப்பட்டார்கள். அந்தப் பாட்டுகள் அடுப்படியிலிருந்து கூப்பிடுவதற்கான மணியோசை என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. கானாடுகாத்தானில் அத்தை ஏன் நேராகப் பின்கட்டுக்குப் போனார் என்பதும் இந்தப் பேருந்தில்தான் புரிந்தது.

வெள்ளிக்கிழமை தூர்தர்ஷனில் 'ஒளியும் ஒலியும்' பார்த்ததைப் பற்றியும் பேசினோம். அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

ஐந்தாம் நாள்: பொள்ளாச்சி

காலையில் சிங்காநல்லூர். கோவை நகருக்குள் இருக்கும் சிங்காநல்லூர் வேறு, இது பொள்ளாச்சிப் பக்கத்துக் கிராமம். 1992ல் 'தேவர் மகன்' எடுத்த அரண்மனை வீடு இங்கேதான். வெளியில் நின்று பார்த்தோம். திரையில் அந்த வீடு எனக்கு எப்போதும் பயத்தைக் கொடுக்கும். நேரில் அப்படி இல்லை, நல்ல வெளிச்சமான, காற்றோட்டமான வீடு. அந்தக் கனத்தை உண்டாக்கியவர்கள் ஒளிப்பதிவாளர் பி.சி. ஸ்ரீராமும் சிவாஜியும்தான்.

அப்பாவும் மகனும் பேசும் அந்த நீண்ட காட்சி பற்றி எல்லோரும் சிவாஜியின் குரலைச் சொல்வார்கள். நானும் சொல்வேன். ஆனால் ஒருமுறை கமலை மட்டும் பார்த்தபடி அந்தக் காட்சியைப் போட்டுப் பாருங்கள். எதிரில் பேசுபவருக்கு முழு இடத்தையும் கொடுத்துவிட்டுக் கேட்டுக்கொண்டு நிற்பது எவ்வளவு கடினம்! நம் ஊரில் நன்றாகப் பேசுபவருக்குக் கைத்தட்டல் கிடைக்கிறது, நன்றாகக் கேட்பவரை யாரும் கவனிப்பதில்லை. அத்தைக்கு இதில் உடன்பாடு இல்லை. "சிவாஜி பேசும்போது வேற எங்கயும் பார்க்க முடியாதுப்பா." இந்த ஒரு விஷயத்தில் நாங்கள் சமாதானம் ஆகப் போவதில்லை.

திரும்பி வரும் வழியில் தென்னந்தோப்புக்கு நடுவே ஜெனரேட்டர் வண்டி நின்றது. அவுட்டோர் யூனிட்! என் இதயம் அடித்துக்கொண்ட சத்தம் ஆட்டோக்காரருக்குக் கேட்டிருக்கும். ஏதோ ஒரு சீரியலின் படப்பிடிப்பு. ஓரமாக நின்றால் தொந்தரவில்லை என்று புரொடக்‌ஷன் ஆள் ஒருவர் அனுமதித்தார். மூன்று மணி நேரம் நின்றோம்.

காட்சி இவ்வளவுதான். ஓட்டு வீட்டு வாசலில் கார் வந்து நிற்கிறது, ஒரு பெண் இறங்குகிறாள், திண்ணையில் இருக்கும் மாமியாரைப் பார்க்கிறாள். பின்னால் தண்ணீர்க்குடத்தோடு ஒரு பெண் கடந்து போகிறாள். திரையில் பத்து விநாடி வருமா? அதற்கு லைட்மேன்கள் தெர்மாகோல் பலகைகளைத் தூக்கிக்கொண்டு வெயில் நகர நகர நகர்ந்தார்கள். தென்னையோலையின் நிழல் நாயகி முகத்தில் கோடு போட்டதால் ஒருவர் ஏணி வைத்து ஏறி ஓலையைக் கயிற்றால் இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார், ஒவ்வொரு டேக்குக்கும். அவர் பெயர் திரையில் வரப்போவதில்லை. அவர் முகத்தில் இருந்த கவனத்தை நான் மறக்க மாட்டேன்.

நாலாவது டேக்கின்போது அத்தை என் காதில், "குடம் காலிக்குடம்னு நல்லாத் தெரியுது. நிறைகுடம்னா இடுப்பு இப்படியா சாயும்?" என்றார். அடுத்த நிமிடமே மானிட்டரில் பார்த்துக்கொண்டிருந்த உதவி இயக்குநர் எழுந்து, "அக்கா, குடத்துல தண்ணி ஊத்திக்கலாமா? நடை மாறுது" என்று கேட்டார். ஜூனியர் ஆர்ட்டிஸ்ட் அம்மா சிரித்துக்கொண்டே போய் முக்கால் குடம் நிரப்பிக்கொண்டு வந்தார். ஐந்தாவது டேக் ஓகே. அத்தையின் முகத்தில் வந்த பெருமையைச் சொல்ல வார்த்தை இல்லை. சீரியல்காரர்கள் எதையும் கவனிப்பதில்லை என்று நான் பேசியதெல்லாம் அந்தக் குடத்தோடு போயிற்று.

பேக்கப் சொன்னதும் அத்தை அந்த அம்மாவிடம் போய்க் கை பிடித்துக்கொண்டார். எத்தனை வருடமாக நடிக்கிறீர்கள் என்று கேட்டார். இருபத்திரண்டு வருடமாம். நாயகிக்குப் பின்னால் கடந்து போவது, கோயில் காட்சியில் கும்பிடுவது, சந்தையில் காய் வாங்குவது. "நான் உங்களைப் பார்த்திருக்கேன்" என்றார் அத்தை. மரியாதைக்குச் சொன்னதாக நான் நினைத்தேன். ஆனால் ஒரு சீரியலின் பெயரைச் சொல்லி, அதில் ஆஸ்பத்திரிக் காட்சியில் பச்சைப் புடவையில் உட்கார்ந்திருந்தது நீங்கள்தானே என்று கேட்டார். அந்த அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான்.

ஆறாம் நாள்: கோயம்புத்தூர்

அரை நாள்தான் இருந்தோம். வெரைட்டி ஹால் ரோடு. 1914ல் சாமிக்கண்ணு வின்சென்ட் கட்டிய வெரைட்டி ஹால் தியேட்டரின் பெயரைத்தான் சாலை இன்னும் சுமக்கிறது. திருச்சியில் ரயில்வே வரைவாளராக இருந்தவர். 1905ல் டுபான் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து புரொஜக்டரையும் படச்சுருள்களையும் வாங்கி, வேலையை விட்டுவிட்டு, ஊர் ஊராக டென்ட் போட்டுப் படம் காட்டினார். பேசாத படம், நின்றுபோகும் மெஷின், ஊருக்குப் புதுசான கூட்டம். அந்தத் துணிச்சலை நினைத்துக்கொண்டே சாலையின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நடந்தோம். எலெக்ட்ரிக் கடைகளும் ஹார்ன் சத்தமுமாக இருந்தது.

இதே ஊரின் சென்ட்ரல் ஸ்டூடியோவில்தான் 1944ல் வந்த 'ஹரிதாஸ்' எடுக்கப்பட்டது. சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்ட படம். பட்சிராஜா ஸ்டூடியோவில் 1954ல் 'மலைக்கள்ளன்'. சேலம், காரைக்குடி, கோவை என்று இந்த வாரம் சுற்றியதில் எனக்கு உறுதியாகிவிட்டது. தமிழ் சினிமாவின் வரலாற்றை எழுதுகிறவர்கள் சென்னையை விட்டுப் பேருந்து ஏற வேண்டும்.

மாலையில் குன்னூர். குளிர். அத்தை ஸ்வெட்டருக்கு மேல் சால்வையும் போர்த்திக்கொண்டு, நாளைக்குப் பற்றி ஒரு திட்டம் சொன்னார். அதைக் கேட்டபின் எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஏழாம் நாள்: கேத்தி

'மூன்றாம் பிறை', 1982. கண்ணதாசன் கடைசியாக எழுதிய திரைப்பாட்டு இதில்தான். கமலுக்கும் ஒளிப்பதிவுக்காகப் பாலு மகேந்திராவுக்கும் தேசிய விருது. இதெல்லாம் தெரிந்ததுதான். கடைசிக் காட்சி கேத்தி ரயில் நிலையத்தில். அன்றைக்கு மழை எதிர்பாராமல் வந்தது, பாலு மகேந்திரா நிறுத்தாமல் மழையிலேயே எடுத்தார். நினைவு திரும்பிய பெண் ரயிலில் உட்கார்ந்திருக்கிறாள். இத்தனை நாள் அவளைக் குழந்தை மாதிரிப் பார்த்துக்கொண்டவன் பிளாட்பாரத்தில் குரங்கு மாதிரி ஆடிக்காட்டுகிறான். அவளுக்கு அவன் யாரென்று தெரியவில்லை. வண்டி போய்விடுகிறது. நான் இந்தக் காட்சியை எத்தனை முறை பார்த்திருப்பேன் என்ற கணக்கே இல்லை. ஒருமுறைகூட வறண்ட கண்ணோடு முடித்ததில்லை.

அத்தையின் திட்டம் இதுதான். "எல்லாரும் அவன்கூட நின்னுதான் அழுறீங்க. கேமராவும் அவன்கூடத்தான் நிக்குது. அந்தப் பொண்ணு உட்கார்ந்த இடத்துலேர்ந்து பார்த்தா என்ன தெரியும்? நீ கேத்தியில நில்லு. நான் ரயில்ல வரேன்."

அப்படியே செய்தோம். குன்னூரில் அவரை ஊட்டி வண்டியில் ஏற்றிவிட்டேன். மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும் நீராவி எஞ்சின் பெட்டிகளைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வரும், பல்சக்கரப் பாதை குன்னூரோடு முடிகிறது. அதற்கு மேல் டீசல். வெலிங்டன், அரவங்காடு, அப்புறம் கேத்தி. நான் டாக்ஸி பிடித்து முன்னாலேயே போய் இறங்கினேன்.

சின்ன நிலையம். கீழே பள்ளத்தாக்கு முழுக்கக் காய்கறிப் பாத்திகள், சிவப்பு ஓட்டு வீடுகள். மழை இல்லை. மெல்லிய வெயில், பிளாட்பாரத்தைப் பெருக்கி வைத்திருந்தார்கள். கேமரா நின்ற இடம் இதுவாக இருக்கலாம் என்று ஒரு இடத்தில் நின்றேன், தள்ளி நின்றேன், மறுபடி பழைய இடத்துக்கு வந்தேன். ஊதல் சத்தம் கேட்டது. நீலப் பெட்டிகள் வளைவில் திரும்பின. மூன்றாவது ஜன்னலில் அத்தை, சால்வையோடு.

வண்டி நின்ற கொஞ்ச நேரத்தில் நான் என்ன செய்வதென்று தெரியாமல் கையை மட்டும் ஆட்டினேன். அவர் ஆட்டவில்லை. உதட்டை அசைத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பச்சைக் கொடி. வண்டி நகர்ந்தது. கூடவே நடந்தேன், பிளாட்பாரம் தீர்ந்துபோனது.

ஊட்டி நிலையத்தில் அவரைப் பிடித்தபோது பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"எண்ணினேன்" என்றார். "வண்டி நகர ஆரம்பிச்சதுலேர்ந்து உன் முகம் மறையுற வரைக்கும். ஏழு. ஏழு எண்ணுறதுக்குள்ள ஒருத்தனை யாருன்னு கண்டுபிடிக்கணும். அந்தப் பொண்ணு மேல எனக்கு இத்தனை வருஷமா ஒரு கோபம் இருந்துச்சுப்பா. இன்னைக்கு இல்ல."

மதியம் இறங்கும் வண்டியில் நான் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். கேத்தியில் யாரோ ஒரு பையன் பள்ளிப் பையோடு நின்று, எங்கள் பெட்டியைப் பார்த்துச் சிரித்துக் கைகாட்டினான். வண்டி நகர்ந்ததும் எண்ணத் தொடங்கினேன். எனக்கு ஒன்பது வந்தது.

"நீ மெதுவா எண்ணுற" என்றார் அத்தை.